இருளுக்கு எல்லை வரைந்தவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் காட்டுப்பள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே மரபு. நானோ சுண்ணாம்புக்கல் குகைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாம் கூடியிருக்கும் காட்டுப்பள்ளி, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கழியும் சூழ்ந்த மணல்திட்டு. இங்கே மலையில்லை; பாறையில்லை. கல் என்று ஒன்றைக் காணவேண்டுமாயின் துறைமுகப் பணிக்காக வெளியூரிலிருந்து கொண்டுவந்து கொட்டிய கல்லைத்தான் காணவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் குகைக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். அதற்கான விடை நமக்குத் தெற்கே எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசத்தலையாற்றிடம் இருக்கிறது.

அந்த ஆறு பூண்டியைக் கடந்து வருகிறது. பூண்டிக்கு அருகில் அதன் படுகையில் அதிரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் மனிதன் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அப்போது அவர்க்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் தம் உடன்பணியாளர் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்துக்கு வந்து, அங்கே கற்கருவிகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். அல்லிக்குழி மலையிலுள்ள குடியம் குகைகளும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. குடியத்தில் இருப்பவை சுண்ணாம்புக்கல் குகைகள் அல்ல. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகி, அதில் உண்டான ஒதுக்கிடங்கள். நம் மாவட்டத்து ஆற்றங்கரையில் தொல்மனிதனைத் தேடத் தொடங்கிய அதே மனிதர், 21 ஆண்டுகள் கழித்துக் கர்னூல் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் இறங்கினார். அன்று கர்னூலும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. ஆகவே இன்று நான் சொல்லப்போகும் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

குகை என்ற ஒன்றைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதைக் கவிஞர்கள் அறிவீர்கள். முழை, முழைஞ்சு, அளை, விடர், பொடவு, பிலம், கெபி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பாறைப் பிளவு விடர். விலங்கு பதுங்குவது அளை. மலைமேல் வாய்திறந்து நிற்பது முழை. நிலத்துக்குக் கீழே இறங்குவது பிலம். நாம் பேசவிருக்கும் இரு குகைத்தொகுதிகளும் பிலங்களே. ஒன்றின் பெயர் பேலம். மற்றொன்றின் பெயர் பில்லசுர்கம். இரண்டாம் பெயரை மெல்ல உச்சரித்துப் பாருங்கள். பிலமும் சுவர்க்கமும் சேர்ந்து ஒலிக்கும்.

சுண்ணாம்புக்கல்லில் குகை எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். வானிலிருந்து விழும் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மிக மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுத்துச் செல்கிறது. வெடிப்பு விரிந்து வழியாகிறது. வழி விரிந்து கூடமாகிறது. பின்னர் நீர்மட்டம் தாழ்ந்து கூடத்தில் காற்று புகுந்தபின், கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் தன்னிடமிருந்த வாயுவை வெளியே விட்டு, சுமந்துவந்த சுண்ணாம்பில் ஓர் அணுவளவை அங்கே விட்டுச்செல்கிறது. மேலிருந்து தொங்குவது கல்விழுது. கீழிருந்து எழுவது கல்முளை. கரைத்த நீரே கட்டவும் செய்கிறது என்பது இதில் வியப்பு.

நம் கரைக்கும் சுண்ணாம்பு புதிதன்று. பழவேற்காட்டுப் பகுதியில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் உண்டு. நம் கிளிஞ்சல் உயிரிகள் கட்டிய வீடு. கர்னூல் பகுதியின் சுண்ணாம்புக்கல்லோ, ஓடுள்ள உயிர்கள் உலகில் தோன்றுவதற்கும் முன்பே கடலடியில் படிந்தது. இரண்டும் கடல் தந்தவை என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

பில்லசுர்கம் கர்னூலை அடுத்த பேதம்செர்லாவுக்கு அருகில் உள்ளது. இக்குகைகளில் பழைய விலங்குகளின் எலும்புகள் புதைந்துள்ளன என்று முதன்முதலில் அச்சில் எழுதியவர் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்டு. வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் 1844இல் அவருடைய குறிப்பு வெளிவந்தது. குகை இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அவர் அதில் கொடுத்திருந்தார். 1850இல் அவர் மறைந்தார். குறிப்பு மட்டும் இதழில் இருந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதன் வழியே எவரும் சென்றதாகத் தெரியவில்லை.

பிறகு எங்கிருந்து அழைப்பு வந்தது? இங்கிலாந்திலிருந்து. டார்வினின் கொள்கைக்காக மேடைதோறும் வாதாடிய அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, அந்தக் குகைகளை முறையாக ஆராய வேண்டும் என்று சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு எழுதினார். ஐரோப்பாவின் குகைகள் ஆதி மனிதனின் சுவடுகளை வெளிப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. வெப்ப நாடான இந்தியாவின் குகையில் இன்னும் பழைய மனிதன் கிடைக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே. ஆளுநர் அப்பணியை ஃபூட்டிடம் ஒப்படைத்தார்.

1884இல் ஃபூட் கர்னூல் மாவட்டத்தின் குகைகளைச் சுற்றிப்பார்த்து ஒரு முன்னோட்டக் குறிப்பு எழுதினார். அதன்பின் பில்லசுர்கத்தில் தோண்டும் பணியை நடத்தியவர் அவர் மகன், பீரங்கிப் படையின் லெப்டினன்ட் ஹென்றி புரூஸ் ஃபூட். 1884, 1885 ஆகிய இரு ஆண்டுகளிலும் பணி நடந்தது. மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதைக் குறித்தார்கள். குகைகளுக்குப் பெயரும் இட்டார்கள்.

அந்தப் பெயர்களைக் கவிஞர்கள் கேட்கவேண்டும். ஒரு கூடத்துக்குப் 'பேராலயம்' என்று பெயர். இன்னொன்று 'துறவியர் மன்றம்'. எலும்புகள் நிறைந்த ஒன்றுக்குப் 'பிணவறை'. மற்றொன்றுக்கு, இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறக் காத்திருக்கும் 'உத்தரிப்பு நிலை'. ஆங்கிலத்தில் அவர்கள் இட்ட பெயர்களின் பொருள் இவை. சுற்றிலும் தெலுங்கு பேசும் சிற்றூர்கள்; தலைக்குமேல் கர்னூல் வெயில்; ஆனால் இருளுக்குள் இறங்கியதும் தந்தையும் மகனும் கண்டது தங்கள் ஊர் மாதாகோயிலை. ஊரார் பெயரில் சுவர்க்கம் ஒலித்த இடத்தில் அவர்கள் உத்தரிப்பு நிலையைக் கண்டார்கள். அறியாத இடத்துக்கு மனிதன் தான் அறிந்த பெயரையே இடுகிறான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உவமை பிறப்பதும் இவ்வாறுதானே!

தேடியது கிடைத்ததா? ஆதி மனிதனைப் பற்றிய எதிர்பார்ப்பு அந்த அளவில் நிறைவேறவில்லை. கிடைத்தவற்றில் மிகுதி விலங்கெலும்புகளே. அவற்றை ஆராய்ந்த ரிச்சர்டு லைடெக்கர் 1886இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே கிடைத்த காண்டாமிருகம் ஒன்றுக்குக் கர்னூலின் பெயரையே சூட்டினார். இன்று அந்த வறண்ட நிலத்தில் காண்டாமிருகத்தை நினைத்துப் பார்ப்பதே அரிது. சில எலும்புகள் மனிதன் கூர்தீட்டிய கருவிகள் என்று ஃபூட் கருதி, அவற்றைப் பிரான்சின் மக்தலேனியப் பண்பாட்டுக் கருவிகளோடு ஒப்பிட்டார்.

இதைப் பிற்காலத்தவர் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. அவை உண்மையிலேயே கருவிகள்தாமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. அதைத் தெளிவாக்க 1970களில் எம்.எல்.கே. மூர்த்தி அதே பகுதியின் இன்னொரு குகையைத் தோண்டினார். அதன் பெயர் முச்சட்ல சிந்தமானு கவி. சிந்தமானு என்றால் தெலுங்கில் புளியமரம். கவி என்றால் குகை. நம் கெபிக்கு உறவான சொல். அந்தப் புளியமரத்துக் குகையில் எலும்புக் கருவிகளும் கற்கருவிகளும் கிடைத்தன. அங்கிருந்த அடுப்பின் சுட்ட மண் ஏறத்தாழ 17,000 ஆண்டுப் பழமையுடையது என்று கணிக்கப்பட்டது. ஃபூட் சொன்னதில் பொருள் இருந்தது என்பது ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது. பில்லசுர்கமும் ஓயவில்லை. இந்த நூற்றாண்டில் மீண்டும் அங்கே ஆய்வு நடந்தது. கடந்த 2,00,000 ஆண்டுகளில் காலநிலை எத்தனையோ முறை மாறியும், இத்துணைக்கண்டத்தின் பாலூட்டிகளில் பெரும்பாலானவை மறையாமல் நீடித்திருக்கின்றன என்ற முடிவு 2014இல் வெளியாயிற்று. ஹக்ஸ்லி கேட்ட வினாவுக்கு அவர் எதிர்பார்த்த விடை வரவில்லை. அவர் கேட்காத வினாவுக்கு விடை வந்திருக்கிறது.

இப்போது பேலத்துக்கு வருவோம்.

பேலம் இன்றைய நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில் உள்ளது. மலையடிவாரத்தில் குகையைத் தேடிப்போகிறவர் அங்கே ஏமாந்துபோவார். சமதரையான விளைநிலம், அதில் கிணறுகள் போல மூன்று பள்ளங்கள். நடுப்பள்ளமே வாசல். சுமார் 20 மீட்டர் இறங்கினால் குகை கிடையாக ஓடத் தொடங்குகிறது. இதையும் 1884இல் பதிவு செய்தவர் ஃபூட்தான். பதிவு செய்தாரேயன்றி, முழுதும் அளக்கவில்லை. அவர் தேடிய எலும்புக்கு ஏற்ற இடம் பில்லசுர்கமாக இருந்தது.

பேலம் மீண்டும் இருளுக்குள் போயிற்று. ஏறத்தாழ 100 ஆண்டுகள்! இடையில் மாகாணம் பிரிந்தது. நாடு விடுதலை பெற்றது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாகிக் கர்னூலே அதன் தலைநகராகவும் இருந்தது. குகையோ, அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டும் குழியாகப் பயன்பட்டது. அவர்களை நான் பழிக்கவில்லை. தம் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் அவர்களுக்கு எவரும் எழுதிக்காட்டவில்லை. ஃபூட்டின் குறிப்பு அறிவியல் இதழில், ஆங்கிலத்தில், நூலக அடுக்கில் இருந்தது.

1982 முதல் 1984 வரை ஜெர்மானியக் குகையாய்வாளர் ஹெர்பர்ட் டேனியல் கெபாவரின் குழு பேலத்துக்குள் இறங்கி விரிவாக அளந்தது. குகையை அளப்பது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஓர் இடத்தில் நிற்பார். மற்றொருவர் விளக்குடன் முன்னே சென்று, கண்ணுக்குத் தெரியும் கடைசி இடத்தில் நிற்பார். இருவர்க்கும் இடையே நாடா பிடிப்பார்கள். திசைமானியில் திசை, சாய்வுமானியில் ஏற்ற இறக்கம், இருபுறச் சுவரின் தூரம், கூரையின் உயரம் ஆகியவற்றை மூன்றாமவர் ஏட்டில் குறிப்பார். பிறகு பின்னவர் முன்னவர் நின்ற இடத்துக்கு வருவார். முன்னவர் இன்னும் முன்னே போவார். சேற்றில் ஊர்ந்து, மூச்சுத் திணறி, ஒவ்வொரு சில மீட்டராக இப்படித்தான் இருள் ஏட்டில் ஏறுகிறது. இப்படி அளந்து கண்ட நீளம் இன்று 3,229 மீட்டர் என்று சொல்லப்படுகிறது. பாதாளகங்கை என்னுமிடத்தில் ஆழம் 46 மீட்டர். அங்கே ஒரு சிற்றோடை மேலும் கீழே இறங்கி மறைகிறது.

அந்த அளவைக்குப் பிறகே மற்றவை நடந்தன. 1988க்குப் பின் ஊராரின் துணையோடு குகை துப்புரவாக்கப்பட்டது. 1999இல் ஆந்திர மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றுப் பாதையும் விளக்கும் அமைத்தது. 2002இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு நடந்து பார்க்கலாம். அங்குள்ள கூடங்களின் பெயர்களையும் கேளுங்கள்: சிம்மவாசல், கோடிலிங்கம், பாதாளகங்கை, ஆயிரம் படங்கள். படமெடுத்த பாம்புகளின் தலைகளைப்போலக் கூரை தோன்றும் இடம் கடைசியில் சொன்னது. அங்கே பேராலயம் இல்லை. பில்லசுர்கத்தில் பெயரிட்டவர் வேறு. பேலத்தில் பெயரிட்டவர் வேறு. கரைந்த பாறை என்னவோ ஒன்றுதான்.

அன்பர்களே, இந்த வரலாற்றில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை நான் கூடியவரை தவிர்த்து வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நியூபோல்டு வருமுன்பே பில்லசுர்கத்துக்குப் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் பெயரிட்டவர் இருந்தார், போய்வந்தவர் இருந்தார். ஃபூட்டுக்குக் குகைவாசலைக் காட்டிய உள்ளூரார் யார்? ஹென்றியின் கீழ் மண் சுமந்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பெயர்கள் புகழ்பெறவில்லை. ஃபூட் செய்தது வேறொன்று, அதுவும் சிறியதன்று. தாம் பார்த்ததைப் பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதிவைத்தார். இடம், ஆழம், நாள், பொருள் என்று எழுதியதால்தான் ஒருவர் ஐயப்பட முடிந்தது. மற்றொருவர் மறுபடி தோண்ட முடிந்தது. அதிரம்பாக்கத்திலும் அதுவே நடந்தது. 1863இல் அவர் குறித்த அதே இடத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் பல்லாண்டு அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் உலகுக்கு அறிவித்தார்கள். நம் கொசத்தலையாற்றின் கரை உலக வரலாற்றில் இடம்பெற்றது, 148 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு குறிப்பின் தொடர்ச்சியால்.

எழுதுவதில் பிழை நேர்ந்தால் அதுவும் நீடிக்கும் என்பதற்கும் சான்றுண்டு. விசாகப்பட்டினத்தை அடுத்த போரா குகைகளை 1807இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் கண்டறிந்தார் என்று சுற்றுலா ஏடுகள் பலவும் எழுதுகின்றன. அந்தத் துறை தோன்றியதே 1851இல்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுத, பிழை கல்விழுதைப்போலத் துளித்துளியாக வளர்ந்து இறுகிவிட்டது.

துளியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துளியும் ஒரு பதிவே. மேகாலயத்தில் 1992 முதல் உள்ளூர் ஆர்வலரும் அயல்நாட்டுக் குகையாய்வாளரும் சேர்ந்து ஆண்டுதோறும் குகைகளை அளந்துவருகிறார்கள். அம்மாநிலத்தின் மாவ்ம்லூ குகையில் எடுத்த ஒரு கல்முளையின் அடுக்குகளில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெரும் வறட்சியின் சுவடு இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 2018இல் புவி வரலாற்றின் இறுதிப் பகுதிக்கு மேகாலயக் காலம் என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லை எவரேனும் முன்னரே உடைத்துச் சிமென்டாக்கியிருந்தால் அந்தப் பக்கம் நமக்குக் கிடைத்திராது. சுண்ணாம்புக்கல் குகைக்குப் பகை சுண்ணாம்புக்கல்லின் விலைதான்.

இவ்வளவையும் இந்த அவையில் ஏன் சொன்னேன்? நம் வட்டத்தில் பாதிப்பேர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள். மீதிப்பேர் இந்தக் கழியோடு பிறந்தவர்கள். இந்த ஊர் நம் கண்முன்னே மாறியிருக்கிறது. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கே இயங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தன. அவை வேண்டுமா வேண்டாமா என்று வாதிட இந்த உரை இடமன்று. ஆனால் அவற்றுக்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதை யார் எழுதிவைத்திருக்கிறோம்?

பழவேற்காட்டு ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று மீனவர் தமக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, கவிஞனை ஏவும் சொல்லும் பாடு. அந்தப் பாடுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஓடைகளுக்கும் மணல்மேடுகளுக்கும் காற்றுகளுக்கும் பெயர்கள் உண்டு. முதியோர் நாவில் மட்டும் வாழும் பெயர்கள் அவை. குகை நூறாண்டு காத்திருக்கும். பாறைக்குப் பொறுமை உண்டு. மணலுக்கும் மனித நினைவுக்கும் அந்தப் பொறுமை இல்லை.

கவிதை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேராலயம் என்றும் ஆயிரம் படங்கள் என்றும் பெயரிட்டது கவிமனம்தான். அந்தப் பெயரோடு நாடாவும் ஏடும் சேர்ந்து சென்றதால்தான் இருளுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், நம்மில் ஒவ்வொருவரும் ஓர் ஓடையின் பெயரையேனும், அது எங்கிருந்து எங்கே ஓடியது, யார் அப்பெயரைச் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்ற விவரத்தோடு எழுதித்தர வேண்டுகிறேன். தமிழிலேயே எழுதுவோம்; ஊரார் கைக்கு எட்டும்படி அச்சிடுவோம். நாளை ஒருவர் வந்து, நீங்கள் எழுதியதில் இது தவறு என்று சுட்டிக்காட்டினால் மகிழ்வோம். அவரும் அந்த ஓடையைத் தேடிச் சென்றிருக்கிறார் என்பதே அதன் பொருள்.